சூளைக் கணக்கு

மண்டையில் என்ன களிமண்ணா என்று
ஏசுகிறவர்கள்
களிமண்ணோடு வேலை செய்ததில்லை.
அது எதையும் மறக்காது.

டெவன் குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று,
கார்ன்வாலிலிருந்து மாவாய் வெளுத்த இன்னொன்று,
கடற்கரையில் பொறுக்கிச் சுட்டு அரைத்த சிக்கிமுக்கி,
கொஞ்சம் பாறைப் பொடி.
கால்வாய்ப் படகில் லாங்டன் வந்து இறங்கும்போது
நான்கும் ஒன்றையொன்று அறியாதவை.
தொட்டியில் துடுப்பு சுழலும்.
தண்ணீர் அவற்றுக்குள் உறவு சொல்லும்.
தயிர்ப் பதம் வந்ததும் பட்டுச் சல்லடை,
பிறகு காந்தம்.
ஓர் இரும்புத் துகள் தப்பினாலும்
வெள்ளைத் தட்டில் மச்சமாகிவிடும்.

துணிகளுக்கிடையே நசுக்கி நீர் வடித்து
ஈரப் போர்வையாய்ச் சுருட்டி எடுத்து வருவார்கள்
ஆர்தர் சால்ட்டும் அவன் மச்சானும்.
(இருவருக்கும் பேச்சு கிடையாது.
ஏதோ ஒரு சைக்கிள் விவகாரம்.)
மண்ணிலிருக்கும் காற்றை இயந்திரம் பிழிந்து துப்பும்.

வினிஃப்ரெட் பிளூர் ஒரு கட்டியை எடுத்து
அடையாகத் தட்டி
சுழலும் அச்சின் மேல் அறைவாள்.
ஈரக் கன்னத்தில் விழுந்த அறைபோல் ஒரு சத்தம்.
கத்தி இறங்கும்.
தட்டின் முதுகு நம் கண்ணெதிரே பிறக்கும்,
வயிறு அச்சுக்குள், யாருக்கும் தெரியாமல்.
நிமிடத்துக்கு நான்கு.
அச்சோடு தூக்கிக்கொண்டு
உலர்த்தும் அறைக்கு ஓடுகிறவன் நான்.
காய்ந்ததைக் கழற்றுவதும் நான்.

கூலி அவள் கைக்கு வரும்,
அதில் என் பங்கை அவள் பிரித்துத் தருவாள்.
செய்த தட்டுக்குக் கூலி இல்லை.
சூளையிலிருந்து நல்லதாய் வந்த தட்டுக்கு மட்டும்.
கோணினாலும் கீறினாலும்
யார் கைப்பட்டதென்று சீட்டில் எழுத இடமில்லை.
சீட்டில் அவள் பெயர்தான்.

அந்தச் சனிக்கிழமை
பன்னிரண்டரை பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.
பந்தாட்டம்.
சாக்கு சொல்லவில்லை, காரணம் சொல்கிறேன்.
அரை மணி முன்பே கழற்றினேன்.
பச்சை மண். தோல்போல் துவண்டது.
ஒவ்வொரு விளிம்பும் என் கட்டைவிரல் பக்கம்
நூலளவு தொங்கியது.
அதே கட்டைவிரலால் நிமிர்த்தினேன்.
அளவுகோல் வைத்துப் பார்த்தேன், நேர்.
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன், நேர்.
ஆறு டஜன்.
பேருந்தும் கிடைத்தது.

ஆயிரத்து நூறு டிகிரி.
ஏற இரண்டு நாள், ஆற இரண்டு நாள்.
உள்ளே மண் தன் கடைசி ஈரத்தை விட்டது,
பருமனை விட்டது,
எலும்பாயிற்று.
நான் வளைத்ததை மட்டும் விடவில்லை.
நிமிர்த்தியதைத்தான் மறந்துபோனது.
வெளியே வந்தபோது
ஆறு டஜனும் ஒரே பக்கம்
உதட்டைச் சுழித்திருந்தன.

பொறுக்கும் மேசையில் ஹெஸ்டர்
ஒவ்வொன்றாய்ச் சுண்டிப் பார்த்தாள்.
கணீர் என்றுதான் ஒலித்தன.
ஒலிக்குக் கூலி இல்லை.
சீட்டில் கோடு போட்டாள்.

வினிஃப்ரெட் ஒரு தட்டை ஏந்தி
கோணிய இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள்.
பள்ளம் அகலமாக இருந்தது.
என் கையைப் பார்த்தாள்.
பிறகு அடுத்த கட்டியை எடுத்து
அறைந்தாள்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள்.
ஒரு வாரம்
ஆர்தரும் மச்சானும் போல் இருந்தோம்.
அதற்குள் என் கோணல்கள்
பால்போன்ற மெருகில் முங்கி, மறுபடி சூடேறி,
பளபளவென்று சந்தைக் கூடைக்குப் போயிருந்தன.
எந்த வீட்டிலோ
எந்த ஞாயிற்றுக்கிழமையிலோ
இறைச்சிச் சாறு மெல்ல நகர்ந்து
என் விரல் நின்ற இடத்தில் வந்து தேங்கும்.
தரை சரியில்லை என்று
மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை
எழுபத்திரண்டு தட்டு குறைந்த கூலியை எண்ணினாள்.
என் பங்கில் ஒரு பென்னி குறையவில்லை.

நான்தான், என்றேன்.

தெரியும், என்றாள்.
பையை இறுக்கிக் கட்டினாள்.
கதவருகே திரும்பி,
பந்தாட்டத்தில் உன் ஆட்கள் ஜெயித்தார்களா?

இல்லை, என்றேன். மூன்று கோலில் தோற்றார்கள்.

நல்லது, என்றாள்.